கூரைக்கு ஒரு பல்

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்தவளாம். அணுகுண்டுச் சோதனைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது என்கிற வேலையிலேயே வயதைத் தொலைத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

“மேடம், உங்க பழைய அறிக்கை ஒண்ணு கிடைச்சது. அட்டவணையில ஒரு வரி காலியா இருக்கு. அச்சடிக்கும்போது விட்டுட்டாங்களா?”

எந்த வரி என்று அவள் சொல்லத் தேவையில்லை. பதுளை, பண்டாரவளை, லுணுகலை, மடுல்சீமை என்று ஊர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும். மற்ற ஊர்களுக்கு நேரே எண்கள். மடுல்சீமைக்கு நேரே ஒன்றும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘மடுல்சீமையில் மிஞ்சிய மாதிரிகள் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன.’

“இப்பன்னா அப்படி விடமாட்டோம் மேடம். பக்கத்து ஊர்க் கணக்கை வச்சு கம்ப்யூட்டரே நிரப்பிடும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எதைக் கொண்டு நிரப்பும்?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளை பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? அந்த வரியை வெறுமையாக விடப்போகிறோம் என்று எங்கள் தலைவர் சொன்ன அன்று நானும் அவரோடு மல்லுக்கு நின்றவள்தான். அவளுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை. தோட்டத்து ஆட்கள் சம்பளம் வாங்கியதும் வந்து கருவாடும் செத்தல் மிளகாயும் கட்டிக்கொண்டு போவார்கள். நான் கொழும்புக்குப் போய்ப் பௌதிகம் படித்தேன். பொம்பளைப் பிள்ளைக்குப் பௌதிகம் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா, “எதுக்கோ, அவ படிக்கிறா” என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் தராசைப் பார்க்கத் திரும்பிவிடுவார். படிப்பு முடிந்ததும், என் அதிர்ஷ்டம், பதுளையிலேயே வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது.

ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் தட்டுகள், மொட்டை மாடியில் காற்றுத் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி, உள்ளறையில் ஈயக் கட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரியக்க எண்ணி, முன்பு சமைக்கிற குசினியாக இருந்த இடத்தில் ஓர் உலை. உலகத்தின் இன்னொரு மூலையில் எவனோ வெடித்த குண்டின் சாம்பல் ஊவா மலையில் எவ்வளவு விழுகிறது என்று அளப்பது எங்கள் வேலை.

தலைவர் கலாநிதி மார்க்கண்டு. நாங்கள் ‘சேர்’ என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, வெயிலிலும் குடை பிடிப்பார். அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான்: “எப்பிடித் தெரியும்?” மழை விட்டுவிட்டது என்று பியூன் வந்து சொன்னால், “எப்பிடித் தெரியும்?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து முற்றத்துக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். தேநீருக்குச் சீனி போட்டாயிற்று என்றாலும் அதே கேள்விதான். ஆரம்பத்தில் எனக்கு அழுகை வரும். பிறகு, நானே ஒரு எண்ணை எழுதும் முன் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்ளப் பழகினேன்.

இளவயதில் அவர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தவர். குண்டு வெடித்த பிறகு வருகிற தூசியை எண்ணுவது அங்கே அவருடைய வேலை. அவர் எண்ணிக் கொடுத்த எண்களை வைத்துப் பக்கத்து அறையில் அடுத்த குண்டுக்குக் கணக்குப் போட்டார்கள். அது தெரிந்ததும் மனுஷன் பெட்டியைக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எண்ணியதெல்லாம் குண்டை நிறுத்துவதற்காகத்தான். பெரிய வல்லரசுகள் ஆகாயத்தில் வெடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. கையெழுத்துப் போட்டவர்கள் பூமிக்கடியில் வெடித்தார்கள், போடாதவர்கள் ஆகாயத்திலேயே வெடித்தார்கள். இரண்டையும் நிறுத்த வேண்டும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் வெளிநாட்டில் ஒரு குழுவாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சேரும் அதில் ஒருவர்.

அந்தக் குழுவில் சிலர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாம்பல் விழுவதெல்லாம் வடக்கே குளிர் நாடுகளில்தான், பூமத்திய ரேகைப் பக்கத்து ஆட்களுக்குப் பாதிப்பு இல்லை, அவர்களுக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று. சேருக்கு அது பொறுக்கவில்லை. மழை கொட்டுகிற இடத்தில் சாம்பலும் கொட்டும் என்பது அவர் வாதம். மழைநீரில் காட்டினால் போதாது, மனிதர் உடம்பில் காட்ட வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பிள்ளைகளின் பாற்பல்.

குண்டுச் சாம்பலில் ஸ்ட்ரான்சியம் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு அதைக் கல்சியம் என்று நினைத்து ஏமாந்து, எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டிவிடும். புல்லில் விழுந்து, பசுவுக்குப் போய், பாலிலும் கீரையிலும் தாய்க்கு வந்து, வயிற்றுப் பிள்ளையின் பல்லில் சேர்ந்துவிடும். பாற்பற்களில் முன்பற்கள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த சில மாதங்களிலும் உருவாகிவிடுவதால், அது விழும்போது எடுத்து அளந்தால் அந்தப் பிள்ளை பிறந்த காலத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள் என்று சொல்லிவிடலாம். வல்லரசுகள் சில வருடங்கள் வெடிக்காமல் ஓய்ந்திருந்தன. பிறகு வெறி பிடித்ததுபோல் வெடித்தன. அதன் பிறகே ஒப்பந்தம் வந்தது. ஓய்ந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் பல்லில் குறைவாகவும், வெறி பிடித்த வருடங்களில் பிறந்தவர்களின் பல்லில் அதிகமாகவும் இருக்க வேண்டும். அந்த ஏற்றத்தைக் காட்டிவிட்டால் யாரும் மறுக்க முடியாது.

அறுபதுகளின் கடைசியில் பல் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. நகரத்தில் கஷ்டமில்லை, பள்ளிக்கூடத்தில் சொன்னால் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். தோட்டங்களில்தான் பாடு. மடுல்சீமைக்கு வழியெல்லாம் குண்டும் குழியும், ஜீப் பாதியில் நின்றுவிட மிச்சத்தை நடக்க வேண்டும். முதலில் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவுக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். அவர் கேட்ட ஒரே கேள்வி, “இதனால தேயிலைக்குக் கெட்ட பேர் வராதே?” வராது என்றதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போக விட்டார்.

லயத்துப் பெண்கள் என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அன்பாகப் பேசி, பல்லை மட்டும் தர மாட்டோம் என்றார்கள். அங்கே விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி, தகரக் கூரையில் எறிவார்கள். கூரைக்குப் போகாத பல் திரும்ப முளைக்காது. கூரையில் கிடந்ததை எடுத்துத் தருகிறோம் என்றால் எனக்கு ஆகாது, மழையில் கிடந்து சாம்பலை வாங்கிய பல் அது. நான் விஞ்ஞானம் பேசிப் பார்த்தேன். அவர்கள் சிரித்தார்கள்.

வழி கண்டுபிடித்தவள் அங்கம்மா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், முப்பது வயது இருக்கும், ஒரே மகள் சரசு. சரசுவுக்குக் கீழ்முன்பற்கள் இரண்டும் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன.

“இப்படிச் செய்வோம்மா. ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு கூரைக்கு. பேருக்கு ஒண்ணு போனாப் போதும், மத்தது தானா மொளைச்சுக்கும்.”

“அது எப்படி அங்கம்மா உங்களுக்குத் தெரியும்?” சேரின் கேள்வி என் வாயிலும் வந்துவிட்டது.

“தெரியாதுங்க. நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்களே, வெறுங்கையோட அனுப்ப மனசு வரல.”

அதற்குப் பிறகு மடுல்சீமையில் எனக்குப் பல் குவிந்தது. ‘பல்லம்மா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் மேட்டில் ஏறும்போதே பிள்ளைகள் ‘பல்லம்மா வருது’ என்று கத்திக்கொண்டு ஓடும். அவரவர் பல்லைச் சிறு பொட்டலமாக மடித்து, பெயரும் பிறந்த வருடமும் எழுதி, தகர டப்பாவில் சேர்ப்பேன்.

ஒரு பல்லைத் தனியாக அளக்க முடியாது. அதில் இருப்பது அவ்வளவு சொற்பம். ஒரே ஊரில் ஒரே காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பற்களை ஒன்றுசேர்க்க வேண்டும். பாதிப் பொட்டலங்களை இருப்பில் வைத்து மீதியைக் கழுவிச் சுரண்டி, உலையில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, கல்சியத்திலிருந்து ஸ்ட்ரான்சியத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் எண்ணிவிட முடியாது. அதிலிருந்து இன்னொரு தனிமம் பிறந்து வளரும்வரை இரண்டு வாரம் மூடிவைக்க வேண்டும். சேர் அந்தக் குப்பிகளைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது, வெறும் தண்ணீர்போலத்தான் இருக்கும்.

பதுளை சரியாக வந்தது. பண்டாரவளையும் லுணுகலையும் வந்தன, ஆனால் பற்கள் குறைவு. மழையும் அதிகம், பல்லும் அதிகம் மடுல்சீமைதான். எல்லாம் அதை நம்பித்தான் இருந்தது. அது வந்து எங்கள் முகத்தில் அடித்தது. ஓய்ந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் பல்லில் ஸ்ட்ரான்சியம் மிக அதிகமாக இருந்தது.

“உம்மட கணக்குப் பிழையோ?” என்றார் சேர். இல்லை. “உலையில ஏதும் கலந்துபோச்சோ?” மறுபடி செய்தோம், அதே எண்தான். “கூரைப் பல்லைக் கூட்டிப்போட்டீரோ?” அதற்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒவ்வொரு பல்லையும் தாயின் கையிலிருந்து என் கையால் வாங்கியிருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் எங்களை உறுத்தியது. மடுல்சீமைப் பிள்ளைகள் பலருக்கு முதல் பல்லே எட்டு, ஒன்பது வயதில்தான் விழுந்திருந்தது. மற்ற ஊர்களில் ஆறு, ஏழு. அதற்கு முன்பே ஊட்டக்குறைவு என்று ஒரு காரணத்தை நாங்கள் பெரிய அறிவாளிகள்போல எழுதிவைத்திருந்தோம்.

“பிறந்த வருஷத்தைத் தாய்மார் வாயால் சொன்னது. எப்பிடித் தெரியும்? பிறப்புச் சீட்டைப் பாப்பம்” என்று சேர் கிளம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் லயத்துக்குப் போனோம். வீட்டுக்கு வீடு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய சீட்டை எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் முத்திரையோடு, கையெழுத்தோடு, தாய்மார் சொன்ன அதே வருடம். சீட்டுகள் சுத்தமாக இருக்க இருக்க சேரின் முகம் வாடிக்கொண்டே போனது.

கடைசியாக அங்கம்மா வீடு. சேர் வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். அங்கம்மா எனக்குச் சீட்டைக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டிருந்தாள். சரசு வெளியே ஓடித் திரிந்தது. பக்கத்து அறைப் பெண் வாசலில் நின்று கூப்பிட்டாள், “ஏய் சின்ன சரசு, ஒங்கம்மாவத் தேடி ஆளு வந்திருக்கு பாரு!”

நான் சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன். “இது சின்ன சரசுன்னா, பெரிய சரசு யாருங்க?”

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கம்மாவின் கை சீட்டின்மேல் அப்படியே நின்றது.

சேர் பீலியில் தண்ணீர் கொட்டுகிற பக்கம் நடந்துபோன பிறகு அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை.

“மொதப் புள்ளைக்கும் சரசுன்னுதாம்மா பேரு. நடக்கக்கூட ஆரம்பிக்கல. அந்த வருஷம் வயித்தோட்டம் வந்து இந்தப் பக்கத்துல நெறையக் கொழந்தைங்க போச்சு. எதுக்கால மலையில பொதைச்சோம். யாரும் வந்து எழுதல, நாங்களும் போய்ச் சொல்லல. அப்புறம் இவ பொறந்தா. அதே பேரையே வச்சுக்கிட்டோம். சீட்டுதான் இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு விட்டுட்டோம்.”

“இந்தப் பக்கத்துல நெறைய வீட்லயா?”

“செத்த புள்ளை பேர அடுத்ததுக்கு வைக்கிறது வழக்கந்தானுங்களே.”

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சீட்டு செத்த குழந்தையுடையது. பல் உயிரோடு இருக்கிற குழந்தையுடையது. சீட்டில் இருந்த வருடம் ஓய்ந்த வருடம், பல் சொன்ன வருடம் வெறி பிடித்த வருடம். ஒன்பது வயதில் பல் விழுந்த பிள்ளைக்கு உண்மையில் ஆறேழு வயதுதான். கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு துள்ளல். அங்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கியது.

தோட்டத்து மக்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்து, கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் குடும்பம் குடும்பமாக மனு வாங்கிக்கொண்டிருந்த காலம். எந்த நாட்டுப் பிரஜையும் அல்லாத அந்த மனிதர்களுக்கு, கையில் இருந்த அந்தச் சீட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

“மனுவுல இவ பேரு இருக்கும்மா. சீட்டப் பாத்துத்தான் எழுதிக்கிட்டாங்க. கச்சேரியில தெரிஞ்சா என்னா ஆகும்? அந்த சரசு செத்துட்டா, இந்த சரசு பொறக்கவே இல்லன்னு ஆயிரும். இருக்கச் சொன்னா இருக்கோம். போகச் சொன்னா போறோம். அவங்கப்பா, நானு, இவ, மூணு பேரையும் ஒண்ணா வச்சா போதும். நீங்க பெரிய எடத்துல வேல பாக்குறீங்க. சொல்லிறாதீங்கம்மா.”

திரும்பும்போது ஜீப் நின்ற இடம்வரை நடக்க வேண்டியிருந்தது. வழியில் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நான் பென்சிலால் கணக்கைத் திருத்திப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளை உண்மையான வருடத்துக்கு மாற்றினால், நாங்கள் தேடிய ஏற்றம் அப்படியே எழுந்து நின்றது. மற்ற மூன்று ஊர்களையும்விட உயரமாக. மழை கொட்டுகிற இடத்தில் சாம்பலும் கொட்டும் என்று சேர் சொல்லி வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தாளை அவர் மேசையில் வைத்தேன். அவர் தொடாமலே வெகுநேரம் பார்த்தார்.

வெளிநாட்டுக் குழு கூடும் நாள் நெருங்கியிருந்தது. முன்கூட்டியே அவர்கள் எழுதியிருந்தார்கள்: பிள்ளைகளின் பிறப்பு விவரம் அரசாங்க அலுவலகத்தில் அத்தாட்சி பெற்று வர வேண்டும், இருப்புப் பற்களை அவர்கள் ஆய்வுகூடத்தில் மறுபடி அளப்பார்கள். அத்தாட்சி என்றால் கச்சேரி. வேறு எங்கே போவது?

“சேர், வருஷத்தை மட்டும் சரியாப் போட்டு அனுப்புவோம். காரணம் ஏன் சொல்லணும்?” என்றேன்.

“காரணம் கேப்பினம்.”

“கேட்டா மழுப்பிடலாம்.”

“பிள்ளை, அந்த மேசையில இருக்கிற ஒருத்தரும் மற்றவரை நம்பிறேல்லை. நாளைக்கு ஒரு நாடு குண்டை வெடிச்சுப்போட்டு வெடிக்கேல்லை எண்டு சொன்னா நாங்கள் என்ன கேக்கப்போறம்? எப்பிடித் தெரியும், காட்டு எண்டு கேக்கப்போறம். அதையே எங்களைக் கேட்டா வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலுமே? காட்ட ஏலாத எண்ணை மேசையில வைக்கப்படாது.”

“அப்படின்னா சீட்டுல உள்ளபடியே அனுப்புங்க.”

“அது பொய் எண்டு எனக்குத் தெரியும்.”

“பேர் சொல்லாம, தோட்டத்துல இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு மட்டும் எழுதுவோம்.”

“எழுதின தாள் எங்க எங்க போகும் எண்டு உமக்குத் தெரியுமோ? மடுல்சீமை எண்டு ஒரு சொல் போதும். கச்சேரியிலயிருந்து ஒருத்தன் வந்து ட்ரங்குப் பெட்டியைத் திற எண்டு சொன்னா, அந்தப் பெண் என்ன செய்வா?”

நான் விடவில்லை. கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். “இது உங்க வாழ்நாள் வேலை சேர். மடுல்சீமை இல்லன்னா மீதிய யாரும் மதிக்க மாட்டாங்க. குண்டு வெடிச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சாம்பல் சரசு தலையிலயும்தானே விழுது?”

“ஓம்” என்றார் அவர். “விழுது.”

என் தாளை நான்காக மடித்து உலைக்குள் வைத்தார். பிறகு அட்டவணையில் மடுல்சீமைக்கு நேரே கோடு இழுக்காமல், புள்ளி வைக்காமல் விட்டுவிட்டு, அடிக்குறிப்பை எழுதி எனக்குக் காட்டினார். “இதில எது பொய்?” என்று கேட்டார். பற்கள் இன்னும் எங்கள் டப்பாவில்தான் இருந்தன, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வசனத்தில் பொய் இருக்காது.

குழுவில் என்ன நடந்தது என்று அவர் திரும்பிவந்து இரண்டு வரியில் சொன்னார். பற்கள் போதாது என்றார்களாம். பூமத்திய ரேகைப் பக்கத்தைப் பற்றிய பழைய முடிவை மாற்றக் காரணமில்லை என்றார்களாம். அடுத்த வருடம் எங்களுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது, உலை அணைந்தது, மழைத் தட்டுகள் மட்டும் மிஞ்சின. சேரை அந்தக் குழு மறுபடி அழைக்கவில்லை. ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போகும்வரை அவர் மழையை எண்ணினார். ஒருநாள்கூட மடுல்சீமையைக் குறைசொல்லிக் கேட்டதில்லை.

எண்பதுகளில் அப்படிப்பட்ட மேசைகளில் நானே உட்கார்ந்தேன். ஆகாயத்தில் வெடிப்பது ஒருவழியாக நின்றிருந்தது, பூமிக்கடியில் நிற்கவில்லை. நாடுகளின் பிரதிநிதிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, இது எங்கள் உள்விவகாரம், காட்ட மாட்டோம் என்பார்கள். “எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எரிச்சல்பட்ட ஒருவர், நீங்கள் எதையும் மறைத்ததே இல்லையா என்று திருப்பிக் கேட்டார். எங்கள் அட்டவணையில் ஒரு வரி வெறுமை, அது வெறுமை என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறோம், நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றேன். அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை.

அங்கம்மா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் பதுளை ரயில் நிலையத்தில் பார்த்தேன். ஒப்பாரியும் மூட்டை முடிச்சுமாக ஒரே கூட்டம். அந்த ட்ரங்குப் பெட்டியின்மேல் சரசு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். சரசு என்னைப் பார்த்துப் பல்லம்மா என்று சிரித்தபோது முன்பற்கள் வரிசையாக முளைத்திருந்தன. கூட்டத்தில் நின்று நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் தொலைபேசியில் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல நினைத்தது இவற்றில் எதுவும் இல்லை. சேர் வெளிநாடு போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

அன்று தூறல். இருப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேர் மேட்டில் ஏறினார். வீடு வீடாக நின்று, பெயர் எழுதிய பொட்டலத்தோடு பல்லை அந்தந்தத் தாயின் கையில் கொடுத்தார். ஒன்றைக்கூட என்னிடம் தந்து கொடுக்கச் சொல்லவில்லை. அங்கம்மா பயந்துவிட்டாள்.

“எதுக்கு சாமி திருப்பிக் கொண்டாந்தீங்க? பல்லு சரியில்லையா?”

“நல்ல பல்லு அம்மா. எங்களுக்குத்தான் வைக்க இடமில்லை. இது எங்கயும் போகாது. பயப்பிடாதேங்கோ.”

அவளுக்குப் புரிந்தது. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னையும் பார்த்தாள். பிறகு சரசுவை அனுப்பிச் சாணி எடுத்துவரச் சொன்னாள். பெயர் எழுதியிருந்த தாளை அடுப்பில் போட்டுவிட்டு, பல்லைச் சாணியில் வைத்து உருட்டினாள்.

“இவளுக்குத்தான் அப்பவே ஒண்ணு கூரைக்குப் போயிருச்சே” என்றேன்.

“ஆமாங்க. இது பெரியவளுக்கு. அவளுக்குப் பல்லு விழுற வயசே வரல. ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானே.”

சேர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார். அங்கம்மா முற்றத்தில் இறங்கி, “சரசு” என்று ஒருமுறை சொல்லி, கூரையைப் பார்த்து எறிந்தாள். தகரத்தில் பொத்தென்று விழுந்தது.

சரசு அண்ணாந்து பார்த்தாள். “எனக்காம்மா?”

“ஒனக்கும்தான்” என்றாள் அங்கம்மா.